பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்ற ஒரு கேபிள் போதும்



2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி நம் பகுதியில் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. சான்றிதழ் நகல், பட்டா, நிக்காஹ் படங்கள் எல்லாம் அதற்குள்தான். புதிதாக ஒன்று வாங்கியவர்கள், "பழையதில் உள்ளதை எப்படி மாற்றுவது?" என்று நம் அலுவலகத்தில் கேட்கிறார்கள். இணையம் தேவையில்லை. ஒரு லேன் கேபிள் போதும்.

முன்பு இதற்குத் தனியாக கிராஸ் கேபிள் வேண்டும். இரண்டில் ஒன்று ஜிகாபிட் லேன் உள்ளதாக இருந்தால் இப்போது சாதாரண கேபிளே போதும். புதியதில் லேன் துளை இல்லையென்றால் யுஎஸ்பி லேன் அடாப்டர் வாங்குங்கள். இரு முனையும் தட்டையான யுஎஸ்பி கேபிளால் இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்காதீர்கள். மின்சாரம் மோதி பழுதாகலாம். நம் ஊர் உப்புக்காற்றில் துளையின் கம்பிகளில் களிம்பு ஏறியிருக்கும். கணினியை அணைத்துவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்த பின் செருகுங்கள்.

செய்யும் முறை (விண்டோஸ்):

1. இரண்டிலும் வைஃபையை நிறுத்துங்கள்.

2. லேன் அமைப்பில் ஐபி எண்ணாகப் பழையதற்கு 192.168.10.1, புதியதற்கு 192.168.10.2 கொடுங்கள். இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே காலியாக இருக்கட்டும்.

3. பழையதில் ஃபைல் ஷேரிங்கை 'ஆன்' செய்து, வேண்டிய ஃபோல்டரை ஷேர் செய்யுங்கள். அதன் பயனர் கணக்குக்குப் பாஸ்வேர்ட் இல்லையென்றால் ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே விடாது.

4. புதியதில் விண்டோஸ் பட்டனுடன் ஆர் எழுத்தை அழுத்தி \\192.168.10.1 என்று தட்டுங்கள். ஃபோல்டர் தெரியும். 'காப்பி' செய்யுங்கள், 'கட்' வேண்டாம்.

100 எம்பிபிஎஸ் லேனில் 40 ஜிபிக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும்.

முடிந்ததும் இரு பக்கமும் ஃபைல்களின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றா என்று பாருங்கள். சில படங்களைத் திறந்தும் பாருங்கள். நான் ஒருமுறை இதைப் பார்க்காமலே பழையதை ஃபார்மேட் செய்துவிட்டேன். மறைந்த என் அத்தாவின் குரல் பதிவு அதோடு போய்விட்டது. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

கடைசியாக ஷேரிங்கை நிறுத்தி, ஐபியைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். பழையதைப் பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால், எல்லாம் வந்து சேர்ந்ததை உறுதி செய்த பிறகு, அதிலுள்ளதை முழுவதும் அழித்துவிட்டே கொடுங்கள். ஆதார், வங்கி விவரங்கள் அதில் இருக்கும்.

சந்தேகம் இருந்தால் இரண்டு கணினிகளையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

- செயலாளர்