பாதிச் சம்பளத்துக்கு மெஸ்ஸி ஓகே சொல்லியும் பார்சிலோனா ஏன் அனுப்பியது? வயசு அல்ல, கணக்குதான் காரணம்!

அந்த சீசனில் ஸ்பெயின் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர், 30 கோல். 13 வயதில் வந்து சேர்ந்து, அதே கிளப்புக்காக 778 போட்டிகளில் 672 கோல் அடித்தவர். 'சம்பளத்தில் பாதியைக் குறைச்சுக்கிறேன், இங்கேயே இருக்கேன்' என்று சம்மதித்தவர். இப்படி ஒருவரை எந்த கிளப்பாவது வெளியே அனுப்புமா?

அனுப்பியது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி பார்சிலோனா ஓர் அறிக்கை வெளியிட்டது. இரு தரப்புக்கும் உடன்பாடு ஏற்பட்டுவிட்டது, ஆனால் லீக் விதிகளாலும் நிதி நெருக்கடியாலும் கையெழுத்துப் போட முடியவில்லை, மெஸ்ஸி இனி எங்கள் வீரர் இல்லை என்பதுதான் அதன் சாரம். மூன்று நாள் கழித்து கேம்ப் நூ மைதானத்தில் நடந்த பிரஸ்மீட்டில் மெஸ்ஸி பேச ஆரம்பிக்கும் முன்பே அழுதுவிட்டார். ஆகஸ்ட் 10-ம் தேதி பாரிஸில் பிஎஸ்ஜி கிளப்பில் கையெழுத்து.

அன்றைக்கு சோஷியல் மீடியாவில் இரண்டு கட்சிகள். 'மெஸ்ஸிக்குப் பேராசை' என்றது ஒன்று. 'கிளப் முதுகில் குத்திவிட்டது' என்றது இன்னொன்று. இரண்டுமே உண்மையைத் தொடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். காரணம் ஓர் எக்செல் ஷீட்டில் இருந்தது.

லா லிகா போட்ட கோடு

ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு பர்ஸ் உண்டு, எல்லோருக்கும் ஒரே தொகை. ஸ்பெயினின் லா லிகாவிலும் உச்சவரம்பு உண்டு, ஆனால் கிளப்புக்கு கிளப் மாறும். உங்களுக்கு எவ்வளவு வருமானம், அதில் மற்ற செலவு போக, கடன் தவணை போக மிச்சம் எவ்வளவு? அந்த மிச்சம்தான் அணிக்குச் செலவழிக்கலாம். 2013-ல் இந்த முறை வந்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முன்பு ஸ்பெயின் கிளப்புகள் பல, அரசுக்கு வரி பாக்கி, வீரர்களுக்குச் சம்பள பாக்கி என்று கிடந்தன. அந்தக் கதை மறுபடி வேண்டாம் என்று லீக் போட்ட கோடு இது.

கோட்டைத் தாண்டினால் அபராதம் கட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது. புது வீரரை லீக்கில் பதிவு செய்யவே விட மாட்டார்கள். பதிவு இல்லையென்றால் மைதானத்தில் இறங்க முடியாது. அவ்வளவுதான்.

2019-20 சீசனில் பார்சிலோனாவுக்கு லீக் அனுமதித்த வரம்பு 67 கோடி யூரோவுக்கு மேல். லீக்கிலேயே அதிகம். பிறகு கொரோனா வந்தது. கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் உட்காரும் கேம்ப் நூ காலியாகக் கிடந்தது. டிக்கெட் இல்லை, மியூசியத்துக்கு டூரிஸ்ட் இல்லை, கடையில் ஜெர்சி விற்பனை இல்லை. அடுத்த சீசனில் வரம்பு 34.7 கோடியாக இறங்கியது. 2021-22 சீசனுக்கு அது வெறும் 9.7 கோடி யூரோ. மெஸ்ஸி போன பிறகு, செப்டம்பரில் லீக் வெளியிட்ட எண் இது.

மெஸ்ஸி போன மறுநாள் கிளப் தலைவர் ஜோவான் லபோர்டா சொன்ன கணக்கு இன்னும் பயங்கரம். மெஸ்ஸியைச் சேர்த்தால் சம்பளச் செலவு வருமானத்தில் 110 சதவீதம். மெஸ்ஸி இல்லாமலேயே 95 சதவீதம். அதாவது, மெஸ்ஸி ஒரு ரூபாய்கூட வாங்காமல் ஒதுங்கினாலும் வீட்டுக்கு வருகிற 100 ரூபாயில் 95 ரூபாய் சம்பளத்துக்கே போய்விடும். மொத்தக் கடன் 135 கோடி யூரோ என்று பத்து நாள் கழித்து அவரே சொன்னார்.

அந்தச் சமயத்தில் வரம்பைத் தாண்டிய கிளப்புகளுக்கு இன்னொரு விதியும் இருந்தது. 4 யூரோ மிச்சம் பிடித்தால் 1 யூரோதான் புதிதாகச் செலவழிக்கலாம். மெஸ்ஸியின் பழைய கான்ட்ராக்ட் 2021 ஜூன் 30-ம் தேதியே முடிந்துவிட்டது. எனவே, 17 சீசன் ஆடியவராக இருந்தாலும் லீக் கண்ணுக்கு அவர் புதிதாகப் பதிவு செய்யப்பட வேண்டிய ஓர் ஆள். பாதிச் சம்பளம் என்பது மெஸ்ஸிக்குப் பெரிய விட்டுக்கொடுப்பு. ஆனால் அந்த ஷீட்டில் அது குறைப்பாக ஏறாது, புதுச் செலவாகத்தான் ஏறும்.

கொரோனா மேல் மட்டும் பழி போட முடியுமா?

முடியாது. கொரோனா எல்லா கிளப்புக்கும்தான் வந்தது. பார்சிலோனா வீட்டில் நெருப்பு அதற்கு மூன்று வருஷம் முன்பே பற்றிவிட்டது.

2017 ஆகஸ்ட்டில் நெய்மாரை பிஎஸ்ஜி 22.2 கோடி யூரோ கொடுத்துத் தூக்கியது. கையில் திடீரென்று இவ்வளவு பணம். ஊருக்கே தெரியும் இவர்களிடம் காசு இருக்கிறது என்று. விற்பவர்கள் சும்மா இருப்பார்களா? டெம்பெலேவுக்கு 10.5 கோடி, கொடின்யோவுக்கு 12 கோடி, 2019-ல் கிரீஸ்மனுக்கு 12 கோடி. அடிப்படைத் தொகை மட்டுமே 34 கோடியைத் தாண்டிவிட்டது. போனஸ் கணக்கெல்லாம் தனி.

இங்கே ஒரு கணக்குப் பதிவு முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு வீரரை 12 கோடிக்கு வாங்கி ஐந்து வருஷக் கான்ட்ராக்ட் போட்டால், அந்த 12 கோடி ஒரே வருஷத்தில் செலவாகக் காட்டப்படாது. வருஷத்துக்கு 2.4 கோடியாகப் பிரித்து எழுதுவார்கள். நாம் போனை இஎம்ஐ-யில் வாங்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது வலிக்காது. ஆனால் ஐந்து வருஷத்துக்கு, அவர் ஆடினாலும் பெஞ்சில் உட்கார்ந்தாலும், வருஷா வருஷம் 2.4 கோடியும் சம்பளமும் சேர்ந்து லீக் வரம்பைத் தின்னும்.

சரி, விற்றுவிடலாமே? இரண்டு வருஷம் கழித்து அந்த வீரரின் கணக்குப் புத்தக மதிப்பு 7.2 கோடி. அதற்குக் கீழே விற்றால் நஷ்டம் எழுத வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அவருக்கு நீங்கள் கொடுக்கும் சம்பளத்தை வேறு யாரும் கொடுக்கத் தயாராக இருக்க மாட்டார்கள். கொடின்யோ கதை இதற்கு நல்ல சாட்சி. விற்க முடியாமல் பேயர்ன் மியூனிக்குக்கு லோனில் அனுப்பினார்கள். 2020 ஆகஸ்ட்டில் சாம்பியன்ஸ் லீக்கில் அதே பேயர்ன் பார்சிலோனாவை 8-2 என்று நசுக்கியபோது, கடைசி நேரத்தில் இறங்கி இரண்டு கோல் அடித்தவர் அவர்தான்!

மெஸ்ஸியின் கான்ட்ராக்ட்டும் இதே காலத்துப் பிள்ளை. நெய்மார் போன மூன்றே மாதத்தில், 2017 நவம்பரில் போடப்பட்டது. இவரும் போய்விட்டால் என்ன ஆவது என்று கிளப் நடுங்கிக்கொண்டிருந்த நேரம். நான்கு சீசனுக்கு, எல்லா போனஸும் சேர்ந்தால், வரிக்கு முன் 55.5 கோடி யூரோ வரை என்று 'எல் முண்டோ' நாளிதழ் 2021 ஜனவரியில் அம்பலப்படுத்தியது. புதுப்பிக்கச் சம்மதித்ததற்கே 11.5 கோடி. மெஸ்ஸி கிளப்புக்குச் சம்பாதித்துக் கொடுத்ததை வைத்துப் பார்த்தால் இது நியாயம்தான் என்று வாதிடுபவர்கள் உண்டு. நானும் அதில் பாதி ஒப்புக்கொள்வேன். மீதிப் பாதி என்னவென்றால், உச்சத்தில் ஒருவர் இவ்வளவு வாங்கும்போது, அவருக்கு அடுத்த படியில் நிற்பவர்களின் ஏஜென்ட்டுகளும் கையில் ஒரு எண்ணோடு வந்து நிற்பார்கள்.

யார் வெளியே போகிறார்கள்?

ரசிகர்கள் எப்போதும் கேட்பது, 'இவரைவிட மோசமா ஆடுறவர் டீம்ல இருக்காரே, அவரை அனுப்பியிருக்கலாமே?'. நியாயமான கேள்வி. ஆனால் நெருக்கடியில் வெளியே போவது சரியாக ஆடாதவர் இல்லை. யாரை அனுப்புவது சுலபமோ, அவர். இன்னும் மூன்று வருஷக் கான்ட்ராக்ட் பாக்கி இருப்பவரை அனுப்ப அவர் சம்மதம் வேண்டும், வாங்க ஆள் வேண்டும். கான்ட்ராக்ட் முடிந்தவரை அனுப்ப எதுவும் வேண்டாம். பேனாவை எடுக்காமல் இருந்தால் போதும். கிரீஸ்மனை அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு லோனில் அனுப்ப முடிந்தது அந்த ஆகஸ்ட் 31-ம் தேதிதான். மெஸ்ஸி அப்போது பாரிஸில் இருந்தார்.

மூத்த நட்சத்திரங்கள் இதில் மாட்டுவது அதனால்தான். அவர்களுடைய சம்பளம் நேற்று வரை செய்ததற்காக ஏறியது. ஒவ்வொரு புதுப்பித்தலிலும் ஏறிக்கொண்டே வரும். மறுவிற்பனை மதிப்போ வயதோடு இறங்கிக்கொண்டே போகும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கிளப் வேறு மாதிரிப் பேச ஆரம்பிக்கும்.

எப்படிப் பேசும் என்பதற்கு லூயிஸ் சுவாரெஸ் உதாரணம். 198 கோல் அடித்தவர். 8-2 தோல்விக்குப் பிறகு புதிதாக வந்த பயிற்சியாளர் ரொனால்ட் கூமன் போனில் 'நீங்கள் திட்டத்தில் இல்லை' என்று சொல்லிவிட்டார். 40 செகண்ட் கால் அது என்று சுவாரெஸ் பிறகு சொன்னார். 33 வயது. போனஸாக அதிகபட்சம் 60 லட்சம் யூரோ கிடைக்கலாம் என்ற கணக்கில், நேரடிப் போட்டியாளரான அத்லெட்டிகோவுக்கே கொடுத்தார்கள். அவர் அங்கே லீக்கில் 21 கோல் அடித்தார். 2021 மே மாதம் கடைசி நாள் ஆட்டத்தில் அவர் அடித்த கோல்தான் அத்லெட்டிகோவுக்குக் கோப்பையை உறுதி செய்தது. சம்பளம் மிச்சம், கோப்பை போச்சு.

அதற்காக வயதானவர்களை அனுப்புவதே தப்பு என்றும் ஆகிவிடாது. 2022-ல் பேயர்ன், ராபர்ட் லெவண்டோவ்ஸ்கியை விற்றது. 33 வயது, கான்ட்ராக்ட்டில் ஒரே ஒரு வருஷம் பாக்கி, முந்தைய சீசனில் லீக்கில் 35 கோல். இன்னும் ஒரு வருஷம் வைத்திருந்தால் சும்மாவே போயிருப்பார். அதற்கு முன்பே விற்று 4.5 கோடி யூரோ பார்த்தார்கள். வாங்கியது யார் தெரியுமா? பார்சிலோனா! நான்கு வருஷக் கான்ட்ராக்ட்டோடு.

அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு உறுத்தும் இடம். 2021 ஆகஸ்ட் 4-ம் தேதி, மெஸ்ஸி அறிவிப்புக்கு முந்தைய நாள், சிவிசி என்ற முதலீட்டு நிறுவனத்துடன் 270 கோடி யூரோ ஒப்பந்தத்தை லா லிகா அறிவித்தது. அதில் சேர்ந்திருந்தால் வரம்பு கொஞ்சம் தளர்ந்திருக்கும். டிவி உரிமையை அரை நூற்றாண்டுக்கு அடகு வைக்க மாட்டேன் என்று லபோர்டா மறுத்தார். ரியல் மாட்ரிட்டும் எதிர்த்தது. கொள்கை ரீதியாகச் சரியான முடிவாகவே அன்று தெரிந்தது. அடுத்த கோடையில், அதே லபோர்டா லீக் டிவி வருமானத்தில் 25 சதவீதத்தை 25 வருஷத்துக்கு சிக்ஸ்த் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றார். அந்தப் பணத்தில்தான் லெவண்டோவ்ஸ்கி, ரஃபின்யா, கூண்டே எல்லாம் வந்தார்கள். 2022-23 லீக் கோப்பையும் வந்தது, அதை மறுக்கவில்லை.

பார்சிலோனாவுக்கு ஷேக் கிடையாது, முதலாளி கிடையாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சொத்து அது. அவர்கள் ஓட்டுப் போட்டுத்தான் தலைவர் வருகிறார். 2021 மார்ச்சில் நடந்த தேர்தலில் மெஸ்ஸியைத் தக்கவைப்பேன் என்றுதான் லபோர்டா வந்தார். மெஸ்ஸியே மகனோடு வரிசையில் வந்து ஓட்டுப் போட்டார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

'சம்பளமே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?' என்று இன்றும் கேட்கிறார்கள். லபோர்டாவே 2021 அக்டோபரில் ஒரு ரேடியோ பேட்டியில், மெஸ்ஸி அப்படிச் சொல்வார் என்று கடைசி நேரம் வரை நம்பியதாகச் சொன்னார். கிளப்பாகக் கேட்க முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். மெஸ்ஸி அடுத்த சில வாரங்களில் 'ஸ்போர்ட்' நாளிதழிடம் பதில் சொன்னார். பாதியைக் குறைக்கச் சொன்னார்கள், உடனே ஒப்புக்கொண்டேன். இலவசமாக ஆடும்படி யாருமே என்னிடம் கேட்கவில்லை. அந்தப் பேச்சு வலித்தது.

2023 கோடையில் மறுபடி ஒரு வாய்ப்பு வந்தது. பிஎஸ்ஜி கான்ட்ராக்ட் முடிந்திருந்தது, உலகக் கோப்பையும் கையில் இருந்தது. ஆனால் தன்னைச் சேர்க்க வேண்டுமென்றால் வேறு வீரர்களை விற்க வேண்டும், சிலர் சம்பளத்தைக் குறைக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதாகவும், அதற்குக் காரணமாக இருக்க விரும்பவில்லை என்றும் சொல்லிவிட்டு மெஸ்ஸி அமெரிக்காவின் இன்டர் மயாமிக்குப் போனார். அதே கோடையில் பார்சிலோனாவை விட்டுக் கிளம்பிய செர்ஜியோ புஸ்கெட்ஸும் ஜோர்டி ஆல்பாவும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த சீசனுக்கு, 40 செகண்ட் கால் வாங்கிய சுவாரெஸும்.