உங்களுக்குத் தெரியுமா? லிங்க்ட்இன் வழியே வந்த தேசிய அணி அழைப்பு

கேப் வெர்டே, மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் உள்ள பத்துத் தீவுகளின் நாடு. மக்கள்தொகை சுமார் 5 லட்சம்தான். அதன் கால்பந்து அணியில் நடுத் தடுப்பாட்டக்காரராக ஆடும் ராபர்ட்டோ லோப்பஸ் பிறந்து வளர்ந்தது அயர்லாந்தின் டப்ளினில். அப்பா கேப் வெர்டேக்காரர், அம்மா ஐரிஷ்காரர். உள்ளூர் கிளப்பில் ஆடிக்கொண்டே வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்த்தவர், 2017-இல் ஷாம்ராக் ரோவர்ஸ் கிளப்பில் சேர்ந்து முழுநேர ஆட்டக்காரரானார்.

2018-இல் லிங்க்ட்இன் தளத்தில் அவருக்குப் போர்த்துகீசிய மொழியில் ஒரு செய்தி வந்தது. வேண்டாத விளம்பரம் என்று நினைத்து விட்டுவிட்டார். மாதங்கள் கழித்து அதே ஆள் மீண்டும், இம்முறை ஆங்கிலத்தில் கேட்டார்: யோசித்தீர்களா? எழுதியவர் கேப் வெர்டே அணியின் அப்போதைய பயிற்சியாளர் ரூய் அகுவாஸ்! பழைய செய்தியைத் தேடி மொழிபெயர்த்துப் பார்த்த லோப்பஸ், மன்னிப்புக் கேட்டு, கேப் வெர்டே அணிக்காக ஆட உடனே சம்மதித்தார். பதில் வராதபோதும் விடாமல் இரண்டாம் முறை எழுதிய அந்தப் பயிற்சியாளரைப் பாராட்டத்தான் வேண்டும்.

2019-இல் லோப்பஸ் தேசிய அணிக்காகக் களமிறங்கினார். 2024 தொடக்கத்தில் ஐவரி கோஸ்டில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் அணி காலிறுதிவரை சென்றது. 2025 அக்டோபர் 13 அன்று எஸ்வாட்டினியை 3-0 என வென்று, கேப் வெர்டே முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.