20 ஆட்டம், 19 தோல்வி... ஆனாலும் கலையாத ‘கனவு’ டீம்!

ஒரு சீசன், 20 ஆட்டங்கள், ஒரே ஒரு வெற்றி. இப்படியொரு மார்க் ஷீட்டோடு முதல் வருஷத்தை முடித்த அணியின் பெயர், ‘ஃபார்மோசா ட்ரீமர்ஸ்’. கனவு காண்பவர்களாம்! கேலி செய்ய இதைவிட வசதியான பெயர் கிடைக்குமா?

2017-ல் தைவானில் தொடங்கப்பட்ட கூடைப்பந்து அணி இது. அங்கே 1994-ல் வந்த புரொஃபஷனல் லீக், பணமில்லாமல் 1999-ல் நின்றுபோனது. பிறகு 2003-ல் வந்த எஸ்.பி.எல் லீக்கில் கம்பெனிகளின் பெயரில்தான் அணிகள். ஆட்டங்களும் பெரும்பாலும் பொது அரங்கில்தான். ‘இது எங்க ஊரு டீம்’ என்று யாரும் காலரைத் தூக்கிவிட முடியாது.

ட்ரீமர்ஸ் இதைத்தான் மாற்ற நினைத்தது. தலைநகர் தைபேயை விட்டுவிட்டு, மலைமேல் இருக்கும் பெரிய புத்தர் சிலைக்குப் பேர்போன சாங்ஹுவாவைச் சொந்த ஊராக்கிக்கொண்டது. சேர்ந்த இடம், ஆசியான் பேஸ்கெட்பால் லீக். சிங்கப்பூர், வியட்நாம், இந்தோனேசியா, தாய்லாந்து என வெளியூர் மேட்ச் என்றாலே விமானம் ஏற வேண்டும். பறந்து போய்த் தோற்றார்கள். திரும்பிவந்து சொந்த ஊர் ரசிகர்கள் முன்பும் தோற்றார்கள்.

டிக்கெட் வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு வரும் குடும்பம், எத்தனை தோல்வியைத்தான் பொறுத்துக்கொள்ளும்? புது அணிக்கு உயிர்ப் பிரச்னையே அதுதான்.

ஆனால், ட்ரீமர்ஸ் கடையை மூடவில்லை. அடுத்த சீசனிலேயே பிளே-ஆஃப் வரை போய்விட்டது. 2020-ல் தைவானில் ‘பி. லீக் பிளஸ்’ என்ற புது லீக் தொடங்கியபோது, களமிறங்கிய முதல் நான்கு அணிகளில் ஒன்று, அந்த ‘ஒரே ஒரு வெற்றி’ டீம்!