மருந்து மிகுதியால் நேரும் விஷமும் மருந்துக் கரியும்

ஜுர மாத்திரையோ, இரத்த அழுத்த மாத்திரையோ, நீரிழிவு மாத்திரையோ இல்லாத வீடு இக்காலத்தில் கிராமங்களிலும் அரிது. அளவோடு உண்டால் பிணி நீக்கும் இவையே அளவு மிஞ்சினால் விஷமாகின்றன. குழந்தை மிட்டாயென்று எண்ணி விழுங்கிவிடுவதும், முதியோர் மறதியால் இருமுறை உண்பதும், மனக்கிலேசத்தால் ஒருவர் வேண்டுமென்றே உட்கொள்வதும் உண்டு. அத்தருணத்தில் அடுப்புக் கரியைப் பொடித்துக் கரைத்துக் கொடுத்தால் போதுமென்று கூறுவோர் சிலர். இக்கூற்றில் உண்மை சிறிதும் தவறு பெரிதுமாகக் கலந்திருப்பதால் அதனைத் தெளிந்துகொள்வது அவசியம்.

கரியின் இயல்பு

வைத்தியர் கொடுப்பது செயலூட்டிய கரி. அதனை மருந்துக் கரி எனலாம். மரம், தேங்காய்ச் சிரட்டை முதலியவற்றைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, பின்னர் மிகுந்த உஷ்ணத்தில் அதனுள் நீராவியைச் செலுத்துவர். இதனால் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் எண்ணிறந்தன உண்டாகின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரிக்கக் கூடுமாயின் அது சுமார் 1,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 25 சென்ட் நிலமாகும். வயிற்றிலுள்ள மருந்து இப்பரப்பில் ஒட்டிக்கொண்டு, இரத்தத்தில் கலவாமல் கரியோடு மலமாய் வெளியேறுகிறது. அடுப்புக் கரிக்கு இத்தகைய பரப்பு இல்லை. ஆதலின் அது இதற்கு ஈடாகாது.

பிரான்ஸ் தேசத்து மருந்தாளர் தூயேரி என்பவர் 1831ஆம் வருஷத்தில் அறிஞர் சபையின் முன்னிலையில் எட்டி விஷத்தின் சத்தைக் கரியோடு கலந்து விழுங்கி உயிரோடிருந்தாரென வைத்திய சரித்திரம் கூறும். அவர் விஷத்தையும் கரியையும் ஒருங்கே உண்டாரென்பது கவனிக்கத்தக்கது. விஷம் முன்னும் கரி பின்னுமாகச் சென்றால் இடையிலுள்ள காலமே பலனை நிர்ணயிக்கிறது.

காலமும் அளவும்

மருந்து உட்கொண்ட ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் கரியின் பயன் அதிகம். அதன்பின் விரைவில் குறைகிறது. வயது வந்தோருக்கு வழக்கமாக 50 கிராம் கரியை நீரில் கரைத்துக் கொடுப்பர். குழந்தைகளுக்கு உடல் எடைக்கேற்பக் குறைப்பர். சிற்சில மருந்துகளுக்கு மட்டும் மீண்டும் மீண்டும் கொடுப்பதுண்டு.

இலங்கையின் மூன்று ஆஸ்பத்திரிகளில் விஷம் உட்கொண்ட 4,600க்கு மேற்பட்டோரைக் கொண்டு நடந்த பரிசோதனையின் முடிவு 2008இல் வெளியாயிற்று. அவர்களுட் பெரும்பாலோர் பூச்சிமருந்தோ மஞ்சள் அரளி விதையோ உண்டவர்கள். கரி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் மரண விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. எனவே கரி சர்வ விஷ நிவாரணியன்று.

கரி ஆகாத இடங்கள்

கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் இரும்புச் சத்து மாத்திரையைக் கரி பற்றாது; லித்தியம் என்னும் மனநோய் மருந்தையும் சாராயத்தையும் பற்றாது. அமிலம், காரம், மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்குக் கரி கொடுத்தல் தீங்கே விளைவிக்கும். மயக்கமோ மிகுந்த தூக்கமோ உள்ளவருக்கு வாய்வழியே புகட்டினால் கரி சுவாசப்பைக்குட் புகுந்து உயிருக்கே அபாயமாகும். ஆதலின் கரி கொடுப்பதா வேண்டாமா என்பதை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

பாராசிட்டமால் என்னும் ஜுர மாத்திரையைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியுள்ளது. அதனை மிகுதியாக உண்டவர் முதல் நாள் சுகமாகவே காணப்படக் கூடும். ஈரல் கெடுவது பின்னரே வெளிப்படும். அதற்கு அசிட்டைல் சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து உண்டு. 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அது மிக்க பலன் தரும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று காத்திருப்பதே இங்கு பெருந்தவறு.

செய்யவேண்டியவை

1. உடனே 108க்குச் செய்தி அனுப்புக. வண்டி தாமதமாகுமெனில் கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க.

2. மாத்திரை அட்டையையும் புட்டியையும் உடன் எடுத்துச் செல்க. உண்ட நேரத்தையும், எத்தனை குறைந்துள்ளன என்பதையும் குறித்துக்கொள்க.

3. உப்பு நீரோ வேறெதுவோ கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள்.

4. மயங்கியவர் சுவாசித்துக்கொண்டிருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்கவும்.

5. வேண்டுமென்று உண்டவரை ஏசாமலும் தனியே விடாமலும் காக்கவும். மானத்துக்கும் போலீசுக்கும் அஞ்சி மறைத்ததால் வீணான நேரம் மீளாது. அத்தகையோர் கடும் மனநெருக்கடிக்கு ஆளானவரென்றே கருதப்படுவர். மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றித் தண்டனைக்குரியவரல்லர் என 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது.

ஐக்கிய சங்கத்தார் இதிற் செய்யக்கூடியது மிகுதி. இரவில் உதவக்கூடிய வாகனங்களின் பட்டியலைச் சங்கக் கட்டடத்தில் ஒட்டி வைக்கலாம். அருகில் விஷ சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரி எதுவென முன்னரே விசாரித்து அங்கத்தினருக்கு அறிவிக்கலாம். மாத்திரைகளைப் பூட்டிய பெட்டியில் வைக்கும் வழக்கத்தை ஒவ்வொரு வீட்டிலும் உண்டாக்கலாம். கரி ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அங்கு போய்ச் சேரும் நேரமோ கிராமத்தார் கையில் இருக்கிறது.