வாத்துகளின் தென்திசை

'இலையுதிர் காலம்' என்ற தொடர் நமது புலம்பெயர் கதைகளிலும் கவிதைகளிலும் தாராளமாக வந்து விழுகிறது. பெரும்பாலும் பிரிவுக்கும் முதுமைக்கும் சாவுக்கும் குறியீடாகவே வருகிறது. பண்டைத் தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் இப்பெயர் இல்லை. ஐப்பசியையும் கார்த்திகையையும் அவர்கள் கூதிர் என்றார்கள். அது குளிர்காற்றின் பருவமேயன்றி இலை கொட்டும் பருவமன்று. கடன் வாங்கிய பருவத்தைப் பற்றி எழுதுவோர் அதனை ஒரு முறையாவது உற்றுப் பார்த்து எழுதவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ரொறன்ரோவில் நவம்பர் பிற்பகுதியில் சில நாட்களை ஒன்ராறியோ ஏரிக்கரையிலுள்ள ரொமி தொம்சன் பூங்காவிற் கழித்தேன். ஏரிக்குள் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் நீளும் இந்நிலம் இயற்கையானதல்ல. துறைமுகத்திற்கு அரணாக 1959இல் தொடங்கி, இடித்த கட்டடங்களின் செங்கல்லையும் கொங்கிறீற்றையும் லொறிகளிற் கொண்டுவந்து கொட்டியதால் உருவானது. எதிர்பார்த்த அளவு கப்பல்கள் வரவில்லை. காற்றில் விதைகள் வந்தன, பறவைகள் வந்தன. தனியார் வாகனங்களுக்கும் வளர்ப்பு நாய்களுக்கும் இங்கு இடமில்லை.

நான் சென்றபோது மரங்கள் மொட்டையாக நின்றன. இலை தானாக அறுந்து விழுவதில்லை. பகற்பொழுது குறுகக் குறுக, மரமே இலையிலுள்ள சத்தை உள்வாங்கிக்கொண்டு காம்பின் அடியில் ஒரு தடுப்பை அமைத்து அதனை உதிர்த்துவிடுகிறது. காம்பு இருந்த தழும்புக்குச் சற்று மேலே பார்த்தால் மொட்டொன்று இறுக மூடியிருக்கும். அடுத்த வசந்தத்தின் இலை அதற்குள் இருக்கிறது. கோடையிலேயே உருவாகிவிட்ட மொட்டு அது! நமது கவிஞர்கள் காணத் தவறுவது இதைத்தான்.

ஏரியின் பக்கம் திரும்பினால் வேறொரு காட்சி. சாம்பல் நிற நீரில் நூற்றுக்கணக்கான வாத்துகள். (வீட்டில் வளர்ப்பதைத் தாரா என்கிறோம், இவை காட்டுச் சாதி.) உருவிற் சிறியதும் தலை பெருத்ததுமான ஒரு வகையை ஆங்கிலத்தில் எருமைத்தலை என்ற பொருள்படவே அழைக்கிறார்கள். கனடாவின் வடகாடுகளில் மரங்கொத்தி குடைந்து கைவிட்ட பொந்துகளிற் குஞ்சு பொரித்துவிட்டு இங்கு வருகிறது. இன்னொன்று நீள்வால் வாத்து. ஆர்க்டிக்கின் மரமற்ற வெளியிலிருந்து வருவது. சேவல் குளிர்காலத்தில் வெள்ளை மிகுந்த இறகு பூணுகிறது. 60 மீற்றர் ஆழம்வரை முக்குளிக்க வல்லது. பால்ட்டிக் கடலில் இதன் தொகை பெரிதும் வீழ்ந்தமையால், 2012இல் அழிவாபத்துக்குள்ளாகக்கூடிய இனங்களின் உலகப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

குளிரைத் தேடியா இவை வருகின்றன? இல்லை, குளிருக்குத் தப்பி வருகின்றன. நம்மவர் கம்பளிக்குள் ஒடுங்கும் ரொறன்ரோ, இவற்றுக்குத் தென்னாடு!

காரணம் இந்த ஏரியின் ஆழம். ஆகக்கூடிய ஆழம் 244 மீற்றர். நன்னீர் 4 பாகை செல்சியசில் மிகக் கனமாயிருக்கும். மேற்பரப்பு நீர் குளிர்ந்து கனத்துக் கீழிறங்க, அடியிலுள்ள சற்று வெப்பமான நீர் மேலெழுகிறது. முழு நீரும் அந்த நிலைக்கு வரும்வரை மேலே உறைவது கடினம். ஆகையால் குடாக்கள் உறைந்தாலும் நடு ஏரி பெரும்பாலும் திறந்தே கிடக்கும்; உணவும் கிடைக்கும். வாத்தின் காலிலோ, உடலிலிருந்து இறங்கும் சூடான இரத்தமும் பாதத்திலிருந்து ஏறும் குளிர்ந்த இரத்தமும் அருகருகே ஓடி வெப்பத்தைப் பரிமாறிக்கொள்கின்றன. பாதம் குளிர்ந்திருக்கும், உடல் சூட்டை இழக்காது.

ஊசிவால் வாத்தை அங்கும் காணலாம், நமது மன்னார் வங்காலையிலும் காணலாம். ஒரே இனம், ஆனால் நம்மிடம் வருபவை ஆசியாவின் வடபுலத்திலிருந்து வருபவை. வாடைக்காற்றோடு அவை வந்து இறங்கும் நாட்களில் இங்கு எந்த மரமும் மொட்டையாவதில்லை.

பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போவது நல்லது. நவம்பர் கடைசியில் அங்கு மாலை நாலே முக்கால் மணியளவில் சூரியன் மறைந்துவிடும். அதன் பின்பு நீள்வால் வாத்துகளின் கூவல் மட்டும் கேட்கும்.