கார் ஏ.சி.யின் வாயு தீர்வதில்லை, கசிகிறது!

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுகிறீர்கள். தாம்பரத்தைக் கடந்து பெருங்களத்தூரை நெருங்கும்போது, ஜி.எஸ்.டி. சாலையில் வாகனங்கள் அசையாமல் நிற்கின்றன. அதுவரை குளிர்ந்து வீசிய காரின் ஏ.சி. மெல்ல மெல்ல வெறும் காற்றை ஊதத் தொடங்குகிறது. பின்னிருக்கையில் வயது முதிர்ந்த உம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றே: "கேஸ் தீர்ந்துபோச்சு பாய், ஏத்திடலாம்." பணத்தைக் கொடுத்துத் திரும்புகிறோம். இரண்டு மாதங்களில் மீண்டும் அதே வெப்பக் காற்று. மீண்டும் அதே பதில்.

அன்பு வாசகர்களே! பெட்ரோல் எரிந்து தீரும், ஏ.சி. வாயு அப்படித் தீர்வதன்று. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரஸர் அதனை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்ஸரில் அது சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது. டாஷ்போர்டினுள் இருக்கும் எவாப்பரேட்டரில் மீண்டும் வாயுவாக மாறும்போது, காரின் உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ரப்பர் குழாய்களின் வழியே பல ஆண்டுகளில் சிறிதளவு குறைவது இயல்பே. ஒரே கோடையில் குறைந்துவிட்டால், எங்கோ கசிவு இருக்கிறது என்பதே பொருள்.

முதலில் நோயை அறிக

குளிர் குறைவதற்கெல்லாம் கசிவே காரணம் அன்று. பெருங்களத்தூர் நெரிசலில் மட்டும் குளிர் குறைந்து, வண்டலூரைத் தாண்டி வேகமெடுத்ததும் திரும்பி வந்தால், கண்டென்ஸரின் மின்விசிறியையே முதலில் ஐயுற வேண்டும். காற்றின் வேகமே குறைந்திருந்தால், உள்ளே இருக்கும் ஏ.சி. ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். காரின் அடியில் சொட்டும் தெளிந்த நீரைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதாகும்.

கசிவு எங்கே?

வாயுவோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கலந்தே சுற்றுகிறது. ஆகவே கசிவுள்ள இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தென்படும். லாரிச் சக்கரங்கள் தெறிக்கும் சிறு கற்கள் முன்புறக் கண்டென்ஸரைத் துளைக்கக்கூடும். நீலாங்கரை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று அதன் அலுமினியத்தை அரிக்கும். குழாய் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள், கம்ப்ரஸரின் சீல், எவாப்பரேட்டர் ஆகியனவும் கசிவுக்கு இடமாவன.

சோப்பு நீர் பெரிய கசிவுகளையே குமிழியாகக் காட்டும். நுண்ணிய கசிவுக்கு, வாயுவை முகர்ந்தறியும் மின்னணுக் கருவி வேண்டும். வாயு காற்றை விடக் கனமானது என்பதால், இணைப்புகளின் அடிப்பக்கத்தில் அக்கருவியைப் பிடித்துப் பார்ப்பர். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைச் செலுத்தித் தேடுவதும் உண்டு. குழாய்கள் காலியாக இருப்பின், உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்தி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பதே நன்று. டயருக்கு அடிக்கும் காற்று ஈரத்தை உள்ளே சேர்க்கும். ஆக்சிஜனோ எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். அதனை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

முறையான பழுதுபார்ப்பு

எஞ்சிய வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் கருவியில் சேமித்தல் வேண்டும். பழுதான பாகத்தையும் ரப்பர் வளையங்களையும் மாற்றும்போது, ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றுவது நலம். பின்னர் வேக்குவம் பம்பை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் இயக்கி, அதை நிறுத்திவிட்டு மீட்டர் முள் அசைகிறதா என்று கவனிக்க வேண்டும். முள் நிலையாக நின்றால் மட்டுமே, பானெட்டின் கீழ் ஒட்டியுள்ள சீட்டில் குறித்த எடைக்கு வாயுவை ஏற்ற வேண்டும். அளவு மிகுந்தாலும் குளிர் குறையும், கம்ப்ரஸரும் கெடும்.

இவற்றை வீட்டில் முயலாதீர்கள். கார்களில் பரவலாக உள்ள ஆர்-134ஏ, திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. திரவமாகப் பட்டால் தோலும் கண்ணும் உறைந்து புண்ணாகும். மலிவு என்று சமையல் எரிவாயு போன்றவற்றை ஏற்றச் சொல்வோரிடமும் எச்சரிக்கை தேவை. அவை தீப்பற்றக்கூடியவை, அக்காரில் பயணம் செய்வது உங்கள் குடும்பம்!

நம் பையோடு நிற்பதன்று

முன்னர் கார்களில் இருந்த ஆர்-12 போன்ற வாயுக்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று 1974இல் மோலினா, ரோலண்ட் என்னும் அறிஞர்கள் எச்சரித்தனர். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. 1992இல் இந்தியா அதில் இணைந்தது. 2008இல் அவ்வகை வாயுக்களின் உற்பத்தியை நம் நாடு நிறுத்தியது. பின்வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தாக்காது. ஆயினும் புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவை விட 1,430 மடங்கு வலியது என மதிப்பிடப்பட்டுள்ளது. அதைக் குறைப்பதற்கான 2016ஆம் ஆண்டுக் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது.

ஒரு காரில் இருப்பது ஏறத்தாழ அரைக் கிலோ வாயுதான். அது முழுதும் வெளியேறினால் விளையும் கேடு, சுமார் 300 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஈடாகும். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் வாயு ஏற்றுவது எத்துணை பெரிய வீண்விரயம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, அடுத்த முறை ஒர்க்‌ஷாப்புக்குச் செல்லும்போது மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்: கசிவு எங்கே? வேக்குவம் எவ்வளவு நேரம் நின்றது? எத்தனை கிராம் ஏற்றினீர்கள்? தொழிலை அறிந்த மெக்கானிக் இவற்றுக்கு முகம் சுளிக்கமாட்டார். மகிழ்ந்து விடை சொல்வார். விடை கிடைக்காத இடத்தில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.