குழாயும் திறவுகோலும்

சொறிக்கல்முனையில் ஒருவர் தம் நெல்லை விற்கிறார் என்று கொள்க. அதை அளந்து, வாங்குபவரின் களஞ்சியத்திற்கு மாற்றலாம். அன்றித் தம் களஞ்சியத்தின் திறவுகோலையே கொடுத்துவிடலாம்.

கணினியிலும் இவ்விரு வழிகள் உள. ஒரு நிரலின் தரவை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் ‘குழாய்’ 1973இல் யூனிக்ஸில் தோன்றியது. அதில் எழுதப்படுவதெல்லாம் இயங்குதளத்தின் நினைவகத்திற்குப் படியெடுக்கப்படும். பெருந்தரவுக்கு இது வீண் உழைப்பு. 2006இல் லினக்ஸில் சேர்ந்த ‘விஎம்ஸ்பிளைஸ்’ என்னும் அழைப்போ படியெடுக்காமல், நிரலின் நினைவகப் பக்கங்களையே குழாயோடு இணைக்கிறது. ஒரு பக்கம் வழக்கமாக 4096 பைட்டு.

ஆயினும் கொடுத்தவரிடம் மற்றொரு திறவுகோல் இருக்கிறதன்றோ? மறுமுனை படிக்குமுன் அவர் பக்கத்தை மாற்றினால், மாறியதே போய்ச் சேரும். 2008இல், இவ்வழைப்பு முகவரிகளைச் சரிபாராத பிழையால், சாதாரணப் பயனரும் கணினியின் முழு அதிகாரத்தைக் கைப்பற்ற முடிந்தது. பிழை உடனே திருத்தப்பட்டது. அளக்காமல் கொடுப்பதில் விரைவு உண்டு. காவலும் அங்கே இருமடங்கு வேண்டும்.